மதுரைக் கோடையில் வீட்டுப் பிரெட்டும் பன்னும்: மாவு பொங்கும் வேகத்தை எப்படிக் கட்டுப்படுத்துவது?

கே.புதூர் வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் மாமனார், மாமியார், பிள்ளைகள் என்று ஆறு பேர் இருக்கிறோம். பிள்ளைகளின் பள்ளி டிபனுக்கும் பெரியவர்களின் மாலைக் காப்பிக்கும் கடையில் வாங்கிக்கொண்டிருந்த பிரெட், இனிப்பு பன், தேங்காய் பன் ஆகியவற்றை வீட்டிலேயே செய்துவிடுவது என்று மார்கழியில் தொடங்கினேன். அப்போது குறிப்பில் இருந்தபடியே எல்லாம் நடந்தது. மாவைப் பிசைந்து மூடி வைத்தால் ஒரு மணி நேரத்தில் இரு மடங்காகும். உருட்டித் தட்டில் அடுக்கினால் மேலும் முக்கால் மணி நேரத்தில் மின்சார அவனில் (பிரெட் சுடும் அடுப்பில்) வைக்கும் பதத்துக்கு வந்துவிடும்.

சித்திரை பிறந்த பிறகு, அதே மைதாவும் அதே ஈஸ்டும் அதே அளவு தண்ணீரும் சேர்த்தாலும் மாவு வேறு மாதிரி வருகிறது. பிசையும்போதே கையில் ஒட்டுகிறது. அரை மணிக்குள் பாத்திரத்தின் மூடியைத் தள்ளுகிறது. வெந்த பன்னைப் பிட்டால் சாராய வாடை அடிக்கிறது. அவனிலிருந்து எடுத்த சற்று நேரத்தில் மேல்பக்கம் சுருங்கி அமுங்கிவிடுகிறது. ஈஸ்டைக் குறைக்க வேண்டுமா, நேரத்தைக் குறைக்க வேண்டுமா, அல்லது ஆடி முடியும் வரை கடையிலேயே வாங்கிக்கொள்வதுதான் நல்லதா? பழகியவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

திருநகர் அடுப்படி எழுதியது:

தங்கைக்கு வணக்கம். கடைக்குப் போக வேண்டியதில்லை. மதுரையில் ஆண்டு முழுவதும் நல்ல பிரெட் சுட முடியும். கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு மாவின் சூட்டைப் பார்க்கத் தொடங்கினால் போதும்.

நாம் படிக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை, அறையின் வெப்பம் 22 முதல் 25 டிகிரி வரை இருக்கும் ஊர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அந்த அறை வெப்பம் நமக்கு மார்கழி, தை மாதத்து விடியற்காலையில்தான் கிடைக்கும். அக்கினி நட்சத்திர நாட்களில் நம் சமையலறை 34, 35 டிகிரியில் நிற்கும். மைதா டப்பாவும் அதே சூட்டில் இருக்கும். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் அதையும் மிஞ்சும். ஈஸ்ட் என்பது உயிருள்ள நுண்ணுயிர். மாவில் உள்ள சர்க்கரையை உண்டு கரியமில வாயுவையும் சாராயத்தையும் அது வெளியிடுகிறது. மாவின் சூடு 25 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்கு ஏறினால் இந்த வேலை ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் நடக்கும். வாயு விரைவாகச் சேர்ந்துவிடுகிறது. ஆனால் அதைப் பிடித்து வைக்க வேண்டிய குளூட்டன் வலை, அதாவது மாவில் உள்ள புரதத்தின் வலை, சூட்டில் தளர்ந்துவிடுகிறது. பிரெட்டுக்கு மணம் கொடுக்கும் அமிலங்கள் மெதுவாகச் சேர்பவை என்பதால், அவற்றுக்கும் அவகாசம் இருப்பதில்லை. நீங்கள் சொல்லும் ஒட்டல், வாடை, அமுங்கல் ஆகிய மூன்றுக்கும் காரணம் இந்த ஒன்றுதான். கோடையில் இட்லி மாவுக்கு நாம் ஐஸ் தண்ணீர் விட்டு அரைத்து, பொங்கியதும் குளிர்பெட்டிக்கு மாற்றுகிறோம் அல்லவா, அந்த எச்சரிக்கை பிரெட் மாவுக்கு இன்னும் கூடுதலாக வேண்டும்.

பிசைந்து முடிக்கும்போது மாவின் சூடு 26 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும் என்பது இலக்கு. அறையையும் உலர்ந்த மைதாவையும் நம்மால் எளிதில் குளிர்விக்க முடியாது. தண்ணீர் மட்டுமே நம் கையில் இருக்கிறது. பேக்கரிகளில் காலம் காலமாகப் போடும் கணக்கு ஒன்று உண்டு. 26-ஐ மூன்றால் பெருக்கினால் 78 வரும். அதிலிருந்து அறையின் சூடு 34, உலர்ந்த மைதாவின் சூடு 33 ஆகியவற்றைக் கழித்தால் மீதம் 11. கையால் பிசையும்போது உராய்வினால் ஏறும் சூட்டுக்கு ஒரு மூன்றைக் கழித்தால் 8 வரும். ஆகவே அன்றைக்குத் தண்ணீர் 8 டிகிரியில் இருக்க வேண்டும். குளிர்பெட்டியில் இரவு முழுவதும் இருந்த தண்ணீர் ஏறக்குறைய அந்தச் சூட்டில்தான் இருக்கும். மார்கழிக் காலையில் இதே கணக்கைப் போட்டால் குழாய்த் தண்ணீரே போதும் என்று விடை வரும். உங்களுக்கு அப்போது எல்லாம் சரியாக வந்ததற்கு அதுதான் காரணம்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. உலர் ஈஸ்டின் மேல் குளிர்ந்த தண்ணீரை நேராக ஊற்றக் கூடாது. உலர்ந்த ஈஸ்ட் முதன்முதலில் நனையும்போது தண்ணீர் மிகவும் குளிர்ந்திருந்தால், அதன் செல்லுக்குள் இருக்கும் சில பொருள்கள் வெளியே கசிந்துவிடும். அவை குளூட்டனைத் தளர்த்தும். ஈஸ்டின் சக்தியும் குறையும். அதனால் இரண்டு மேசைக்கரண்டி வெதுவெதுப்பான தண்ணீரில் ஈஸ்டைக் கரைத்து ஐந்து நிமிடம் வைத்துவிட்டு, மீதித் தண்ணீரைக் குளிர்ந்ததாகச் சேருங்கள். வெதுவெதுப்பு என்றால் விரலுக்கு இதமாக இருக்க வேண்டும். 55 டிகிரியைத் தாண்டினால் ஈஸ்ட் இறக்கத் தொடங்கிவிடும்.

என் வீட்டில் கோடையில் செய்யும் பன் மாவின் அளவையும் சொல்கிறேன். எல்லாவற்றையும் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். டம்ளர் கணக்கு மைதாவுக்கு ஒத்துவராது. முதலில் 25 கிராம் மைதாவை 125 கிராம் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிளறிக்கொண்டே இருந்தால் 65 டிகிரியை எட்டும்போது அது கஞ்சிப் பதத்துக்குத் திரண்டு, கரண்டி போன தடம் அடியில் தெரியும். அதை இறக்கி, ஆறியதும் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். சூட்டில் பொங்கிய மாவுச்சத்து தண்ணீரைத் தன்னுள் பிடித்துக்கொள்வதால், பன் மறுநாளும் மிருதுவாக இருக்கும். கிழக்காசிய நாடுகளின் பிரெட்டுகள் அத்தனை மிருதுவாக இருப்பதற்கு இந்த முறையும் ஒரு காரணம். பிறகு 475 கிராம் மைதா, குளிர்ந்த பால் 190 கிராம், சர்க்கரை 40 கிராம், உப்பு 9 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 3 கிராம், இந்தக் கஞ்சி ஆகியவற்றைச் சேர்த்துப் பிசையுங்கள். ஈஸ்டைக் கரைத்த தண்ணீரின் அளவுக்குப் பாலைக் குறைத்துக்கொள்ள வேண்டும். மாவு ஓரளவு சேர்ந்து வந்த பிறகு 40 கிராம் வெண்ணெயைச் சிறிது சிறிதாகச் சேருங்கள். முதலிலேயே வெண்ணெயைப் போட்டால் மாவுத்துகளின் மேல் கொழுப்பு படிந்து, குளூட்டன் உருவாகத் தாமதமாகும். பாலை நன்றாகக் காய்ச்சி, ஆறவைத்து, குளிர வைத்த பிறகே பயன்படுத்த வேண்டும். காய்ச்சாத பாலில் உள்ள ஒருவகைப் புரதம் மாவை இளக்கிவிடும்.

மாவில் ஓர் எலுமிச்சை அளவு எடுத்து, எண்ணெய் தொட்ட விரல்களால் மெல்ல நாலாபுறமும் விரித்துப் பாருங்கள். கிழியாமல், விரலின் நிழல் தெரியும் அளவுக்குச் சவ்வாக விரிந்தால் பிசைந்தது போதும். இந்த அளவை 60 கிராம் உருண்டைகளாகப் பிரித்தால் 15 பன் கிடைக்கும். 180 டிகிரியில் 18 முதல் 20 நிமிடம் வேகும்.

எவ்வளவு நேரம் பொங்க விட வேண்டும் என்று கேட்டால், நான் நிமிடம் சொல்ல மாட்டேன். விரலை மைதாவில் தோய்த்து, உருட்டி வைத்த பன்னின் பக்கவாட்டில் அரை அங்குலம் அழுத்துங்கள். குழி சட்டென்று மேலே எழுந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். மெதுவாகப் பாதி எழுந்து நின்றால் அவனில் வைக்கலாம். எழவே இல்லையென்றால் பதம் கடந்துவிட்டது.

மேலூர் மைதிலி எழுதியது:

திருநகர் அக்காவுக்கு நன்றி. வெப்பமானி இல்லாதவர்கள் மாவின் சூட்டை எப்படி அறிவது? பதம் கடந்த மாவைத் தூக்கி எறிவதைத் தவிர வழி உண்டா?

திருநகர் அடுப்படி எழுதியது:

நம் உடலின் சூடு 37 டிகிரி. பிசைந்த மாவின் மேல் புறங்கையை வைத்தால் தெளிவாகக் குளுமை தெரிய வேண்டும். குளுமையும் இல்லை, சூடும் இல்லை என்று தோன்றினால் மாவு 32 டிகிரிக்கு மேல் போய்விட்டது என்று கொள்ளலாம். ஆனாலும் சமையலறை வெப்பமானி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பன் வெந்துவிட்டதா என்பதையும் அதுவே சொல்லிவிடும்: நடுவில் குத்திப் பார்த்தால் மிருதுவான பன்னுக்கு 88 முதல் 90 டிகிரி வரையும், வெண்ணெய் சேர்க்காத பிரெட்டுக்கு 93 டிகிரிக்கு மேலும் காட்ட வேண்டும்.

முதல்முறை பொங்கும்போதே பதம் கடந்திருந்தால் கவலையில்லை. வாயுவை வெளியேற்றி, மடித்து, குளிர்பெட்டியில் கால் மணி நேரம் வைத்துவிட்டு உருட்டலாம். உருட்டிய பிறகு கடந்திருந்தால், அதையும் அமுக்கி மறுபடி உருட்டி, முன்னைவிடக் குறைந்த நேரம் பொங்கவிட்டுச் சுடலாம். சற்றுச் சிறியதாக வரும், அவ்வளவுதான். புளிப்பு ஏறியிருந்தால் எண்ணெய் தடவிய தட்டில் தட்டையாகப் பரப்பி, வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை தூவிச் சுட்டுவிடுங்கள். அல்லது கையளவு எடுத்துக் குளிர்பெட்டியில் வைத்து, அடுத்த நாள் மாவுடன் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துப் பிசைந்தால் மணம் கூடும்.

செல்லூர் மாஸ்டர் எழுதியது:

திருநகர் அம்மா சொன்னதில் பெரும்பகுதி சரி. பேக்கரியில் மாவு மேடையில் பல ஆண்டுகள் நின்றவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன். ஓரிடத்தில் மாறுபடவும் செய்கிறேன்.

நான் மாறுபடும் இடம் ஈஸ்ட். திருநகர் அம்மா சொன்ன 3 கிராம் போல ஈஸ்டைக் குறைப்பது பிரெட்டுக்கும் சாதா பன்னுக்கும் பொருந்தும். தேங்காய் பன், கிரீம் பன் போன்றவற்றின் மாவில் சர்க்கரை 15 சதவீதத்துக்கு மேல் போகும். அவ்வளவு சர்க்கரை இருந்தால் அது தண்ணீரை இழுத்துக்கொண்டு ஈஸ்டைத் தவிக்கவிடும். கோடையானாலும் அந்த மாவுக்கு ஈஸ்டைக் குறைக்கக் கூடாது. 500 கிராம் மைதாவுக்கு ஐந்து, ஆறு கிராம் வேண்டும். பட்டைத்தூளை மாவோடு சேர்த்துப் பிசைந்தாலும் ஈஸ்ட் மந்தமாகும். பட்டை வேண்டுமென்றால் உள்ளே வைக்கும் பூரணத்தில் சேர்க்க வேண்டும். ஏலக்காயைத் தாராளமாக மாவிலேயே சேர்க்கலாம்.

கோடையில் பேக்கரிகளில் தண்ணீரின் ஒரு பகுதிக்குப் பதிலாக ஐஸை உடைத்துப் போடுவார்கள். எடைக்கு எடை சரியாக வைத்துக்கொண்டால் வீட்டிலும் செய்யலாம். ஐஸ் முழுவதும் கரையும்வரை பிசைய வேண்டும், இல்லாவிட்டால் மாவில் ஈரத்திட்டுகள் நிற்கும்.

நல்ல மணம் வேண்டுமென்றால் ஸ்பாஞ்ச், அதாவது முன்னிரவே பொங்க வைக்கும் முன்மாவு, வையுங்கள். இரவு பதினொரு மணிக்கு 250 கிராம் மைதா, 150 கிராம் குளிர்ந்த தண்ணீர், இரு விரலால் எடுக்கும் ஒரு சிட்டிகை ஈஸ்ட் ஆகியவற்றை மட்டும் கலந்து மூடிவிடுங்கள். உப்பும் சர்க்கரையும் வேண்டாம். விடியற்காலை ஐந்தரைக்குப் பார்த்தால் பொங்கி, நடுவில் லேசாகக் குழியத் தொடங்கியிருக்கும். அதுதான் பதம். மீதி மாவையும் மற்றவற்றையும் சேர்த்துப் பிசைந்தால், வெயில் ஏறும் முன்பே பிரெட் அவனில் இருக்கும். மதுரையில் மே மாதத்தில் பிரெட் மாவைப் பகல் பன்னிரண்டு மணிக்குப் பிசைவது வீண் போராட்டம். இரவிலும் அதிகாலையிலும் வேலை செய்வதைப் பேக்கரிகள் வெறும் வியாபாரத்துக்காக மட்டும் வைத்துக்கொள்ளவில்லை.

மைதாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. கீழமாசி வீதியில் சில்லறையாக நிறுத்துத் தரும் மைதாவில் புரதம் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. பரோட்டாவுக்கு அது பிரமாதமாக இருக்கலாம், பிரெட்டுக்குச் சில சமயம் தாங்காது. பொட்டலத்தின் பின்புறம் நூறு கிராமுக்குப் புரதம் 11 கிராமுக்குக் குறையாமல் போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். 10-க்குக் கீழே இருந்தால் தண்ணீரைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். கடையில் கிடைக்கும் குளூட்டன் பொடியை 500 கிராமுக்கு ஒரு மேசைக்கரண்டி சேர்த்தாலும் சரியாகும்.

சிலர் பேக்கரிப் பொருள் விற்கும் கடைகளில் மாவு நன்றாகப் பொங்கி நிற்கச் சேர்க்கும் பிரெட் இம்ப்ரூவர் கேட்டு வாங்குகிறார்கள். முன்பு பொட்டாசியம் புரோமேட் என்ற உப்பு இதற்குப் பயன்பட்டது. புற்றுநோய் அபாயம் கருதி 2016-இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதை அனுமதிப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. பொட்டலத்தில் உட்பொருள்கள் அச்சிடப்படாத எதையும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். குடும்பத்துக்குச் செய்யும் பிரெட்டுக்கு மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட், நேரம் ஆகிய ஐந்தும் போதும்.

உசிலம்பட்டி வாத்தியார் எழுதியது:

எங்கள் வீட்டில் ஓடிஜி என்னும் மின்சார அவன் கிடையாது. கிராமப்புறத்தில் பலருக்கும் அப்படித்தான். ஐந்து லிட்டர் அலுமினியக் குக்கரிலேயே நல்ல பன் சுடுகிறோம் என்பதால் முறையைச் சொல்கிறேன்.

குக்கரின் கேஸ்கட்டையும் வெயிட்டையும் கட்டாயம் கழற்றிவிட வேண்டும். தண்ணீர் இல்லாத குக்கரைக் கேஸ்கட்டோடு சூடாக்குவது ஆபத்தானது. அடியில் ஒரு படி கல்லுப்பையோ, சலித்துக் கழுவிக் காயவைத்த ஆற்றுமணலையோ பரப்பி, அதன் மேல் ஒரு வளையத்தை வைத்து, மூடி, மிதமான தீயில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் காயவிடுங்கள். பொங்கி நிற்கும் பன் தட்டை வளையத்தின் மேல் இறக்கி, தீயைச் சிறிதாக்கி, 25 முதல் 30 நிமிடம் வேகவிடுங்கள். அவனைப் போல மேலிருந்து அனல் வராது என்பதால் மேல்பக்கம் வெளுப்பாகவே இருக்கும். வெந்து முடிந்ததும் தோசைக்கல்லில் வெண்ணெய் தடவி மேல்பக்கத்தை ஒரு நிமிடம் கவிழ்த்துவைத்தால் பொன்னிறமாகிவிடும். நான்ஸ்டிக் பாத்திரத்தை இப்படி வெறுமையாகக் காயவைக்கக் கூடாது. மணல் போட்ட குக்கரைப் பிறகு சமையலுக்கு எடுக்காமல், இதற்கென்று ஒரு பழைய குக்கரை ஒதுக்கிவிடுவது நல்லது.

வாடிப்பட்டி விவசாயி மகள் எழுதியது:

என் தந்தைக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் மைதாவைத் தொடக்கூட விருப்பமில்லை. முழுக் கோதுமை மாவில் செய்தால் செங்கல்லாக வருகிறது. கம்பும் கேழ்வரகும் எங்கள் வீட்டில் எப்போதும் இருக்கும். அவற்றில் பிரெட் செய்ய இயலுமா?

திருநகர் அடுப்படி எழுதியது:

செய்யலாம், ஆனால் மைதாவை நடத்துவது போல இவற்றை நடத்தக் கூடாது. மில்லில் கல்லில் அரைத்த கோதுமை மாவில் மாவுச்சத்துத் துகள்கள் அதிகம் உடைந்திருப்பதால் அது தண்ணீரை நிறையக் குடிக்கும். 500 கிராமுக்கு 350 கிராம் தண்ணீர்கூடத் தேவைப்படலாம். தவிட்டின் கூரான துணுக்குகள் குளூட்டன் இழைகளை அறுப்பதால் மாவு மைதா அளவுக்குப் பொங்காது. மாவையும் தண்ணீரையும் மட்டும் கலந்து முக்கால் மணி நேரம் குளிர்பெட்டியில் ஊறவைத்த பிறகு ஈஸ்டும் உப்பும் சேர்த்துப் பிசையுங்கள். தவிடு நனைந்து மெத்தென்று ஆகிவிடும். பிசையும் வேலையும் பாதியாகக் குறையும். முதலில் பாதி மைதா, பாதி கோதுமை என்று தொடங்கிப் பிறகு கூட்டிக்கொண்டு போங்கள்.

கம்பு, கேழ்வரகு இரண்டிலும் குளூட்டன் கிடையாது. மொத்த மாவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சேர்த்தால் பிரெட் தாங்காது. கேழ்வரகை உலர்ந்த மாவாகச் சேர்ப்பதைவிட, வழக்கமாகக் கிண்டும் கூழாகவே கிண்டி ஆறவைத்து, மேலே நான் சொன்ன மைதாக் கஞ்சிக்குப் பதிலாகச் சேர்த்துப் பாருங்கள். மணமும் ஈரமும் மிக நன்றாக இருக்கும். என் வீட்டில் பெரியவர்கள் விரும்பிக் கேட்பது இதைத்தான்.

தந்தைக்காகச் செய்வதால் ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். கோதுமை பிரெட் என்பதால் சர்க்கரை ஏறாது என்று எண்ணிவிடக் கூடாது. அதிலும் மாவுச்சத்துத்தான் பெரும்பங்கு. ஒரு வேளைக்கு எத்தனை துண்டு என்பதை அவருடைய மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சிம்மக்கல் சமையல்கட்டு எழுதியது:

இவ்வளவு நேரம் பொங்குவதைப் பற்றிப் பேசினோம். சுட்ட பிரெட்டைக் காப்பதைப் பற்றியும் பேச வேண்டும். வீட்டு பிரெட்டில் பூஞ்சைத் தடுப்பான் இல்லாததால் வெளியில் வைத்தால் இரண்டாம் நாளே புள்ளி விழுகிறது. அதைவிட எனக்குப் புரியாதது இன்னொன்று. பூஞ்சையே இல்லாமல் நடுப்பகுதி பிசுபிசுவென்று ஆகி, பிட்டால் நூல் நூலாக இழுபடுகிறது. பழுத்து அழுகிய பழத்தின் வாடையும் வருகிறது. அது வேகாததனாலா?

செல்லூர் மாஸ்டர் எழுதியது:

வேகாத பிரெட் நடுவில் களியாக இருக்குமே தவிர நூல் இழுக்காது. நீங்கள் சொல்வது வெப்பமும் ஈரமும் கூடிய ஊர்களில் வரும் நூல் நோய். பேசில்லஸ் என்ற மண்வாழ் பாக்டீரியாவின் வித்துகள் தானியத்தோடு மாவுக்குள் வந்துவிடுகின்றன. பிரெட்டின் நடுப்பகுதி வேகும்போது நூறு டிகிரியை எட்டுவதில்லை என்பதால் அந்த வித்துகள் சாவதில்லை. பிரெட் மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருந்தால் அவை முளைத்து, மாவுச்சத்தையும் புரதத்தையும் சிதைத்துப் பசையாக்கிவிடும். அப்படி ஆன பிரெட்டை மனிதர்கள் மட்டுமல்ல, ஆடு மாடுகளும் தின்னக் கூடாது, எறிந்துவிடுங்கள். மாவு வைத்த டப்பா, பலகை, பிரெட் டின் எல்லாவற்றையும் நன்றாகக் கழுவி, வினிகர் தொட்ட துணியால் துடைத்துக் காயவையுங்கள்.

தடுக்கும் வழி எளிது. இந்தப் பாக்டீரியாவுக்குப் புளிப்பு ஆகாது. 500 கிராம் மாவுக்கு ஒரு தேக்கரண்டி வினிகர் சேர்த்தாலும், பாலில் ஒரு பங்கைக் கெட்டித் தயிராக மாற்றினாலும், நான் சொன்ன ஸ்பாஞ்ச் முறையில் செய்தாலும் அது அடங்கும். சுட்டதும் டின்னிலிருந்து உடனே எடுத்து, கம்பித் தட்டில் காற்றோட்டமாக ஆறவிட வேண்டும். சூடாக இருக்கும்போதே பாலித்தீன் பையில் கட்டிவைப்பதுதான் பெரும்பாலான வீடுகளில் இதற்குக் காரணம்.

கொடைமலைவாசி எழுதியது:

எனக்கு இங்கே கொடைக்கானலில் நேர் எதிரான நிலைமை. ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில், டிசம்பர் இரவில் மாவு அசையவே அசையாது. திருநகர் அம்மாவின் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். அறை 14, மைதா 14 என்று வைத்தால் தண்ணீர் 47 டிகிரி என்று விடை வருகிறது. ஈஸ்டை அவ்வளவு சூட்டில் நேராகப் போடாமல், முதலில் மாவில் தண்ணீரைக் கலந்து சூடு பரவிய பிறகு சேர்த்தேன், சரியாக வந்தது. அணைத்து வைத்த அவனுக்குள் ஒரு பாத்திரம் வெந்நீரோடு மாவை வைப்பதும் உதவுகிறது. ஒரே குறிப்பு சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் இரண்டு ஊர்களுக்குப் பொருந்தாது என்பதை இங்கிருந்து பார்த்தால் நன்றாகவே தெரிகிறது.

கே.புதூர் வாசகி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. குளிர்ந்த பாலும் கஞ்சியும் சேர்த்து, விடியற்காலையில் பிசைந்து பார்த்தேன். மாவு கையில் ஒட்டாமல், பிசையப் பிசைய இழைந்து வந்தது. விரலால் அழுத்திப் பார்த்து, குழி பாதி எழுந்து நின்றபோது அவனில் வைத்தேன். ஒன்றுகூட அமுங்கவில்லை. மாமனார் காப்பியில் தோய்க்காமல் வெறும் பன்னாகவே சாப்பிட்டு, இன்னொன்று கேட்டார்.

இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. பள்ளி நாட்களில் விடியற்காலையில் பிசைந்துகொண்டிருக்க முடியாது; முன்னிரவே பிசைந்து குளிர்பெட்டியில் வைத்தால், காலையில் மாவின் நடுப்பகுதி மட்டும் அளவுக்கு மீறிப் பொங்கியிருக்கிறது. அடுத்து, மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாளை அறிவித்துவிடுகிறார்கள். அறிவிக்காமல் பாதியில் போனால் அவனில் இருக்கும் பன்னை என்ன செய்வது?

திருநகர் அடுப்படி எழுதியது:

மாவு உருண்டையாக இருந்தால் நடுப்பகுதி குளிர இரண்டு மூன்று மணி நேரம் ஆகும்; அதுவரை ஈஸ்ட் வேலை செய்துகொண்டே இருக்கும். அகலமான தட்டில் ஒரு அங்குல கனத்துக்கு மாவைத் தட்டிப் பரப்பி, மூடி, குளிர்பெட்டியின் பின்பக்கத்தில் வையுங்கள், கதவருகே வேண்டாம். குளிர்பெட்டி முறைக்கு ஈஸ்டை இரண்டு கிராமாகக் குறைத்தாலே போதும். காலையில் குளிர்ந்த மாவை உருட்டுவதும் எளிது.

மின்சாரம் நின்றால் அவன் கதவைத் திறக்காதீர்கள். பன் வைத்துப் பன்னிரண்டு நிமிடம் கடந்திருந்தால், உள்ளே இருக்கும் அனலிலேயே பெரும்பாலும் வெந்துவிடும்; மேல்பக்கம் மட்டும் வெளுப்பாக இருக்கும். அதற்கு முன்பே நின்றுவிட்டால் உசிலம்பட்டி ஐயா சொன்ன குக்கரைக் காயவைத்துத் தட்டை அதற்கு மாற்றிவிடுங்கள். அதனால் தட்டு வாங்கும்போதே குக்கருக்குள் இறங்கும் அளவில் வட்டத் தட்டு ஒன்றையும் சேர்த்து வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம்.

செல்லூர் மாஸ்டர் எழுதியது:

பள்ளி நாட்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் இரட்டை அளவு சுட்டு, முற்றிலும் ஆறிய பிறகு, பிரெட்டைத் துண்டு போட்டும் பன்னை முழுதாகவும் காற்றுப் புகாத பையில் கட்டி ஃப்ரீசரில் வையுங்கள். குளிர்பெட்டியின் சாதாரணத் தட்டில் வைக்க வேண்டாம். மாவுச்சத்து இறுகி பிரெட் வறண்டு போவது அந்தக் குளிரில்தான் மிக வேகமாக நடக்கும். ஃப்ரீசரில் அது நின்றுவிடும். வேண்டியதை மட்டும் முதல் நாள் இரவு வெளியே எடுத்து வைத்தால் காலையில் இளகியிருக்கும். பன்னைக் குறுக்கே வெட்டி, தோசைக்கல்லில் வெண்ணெய் உருகி நுரைக்கும்போது வெட்டிய பக்கத்தைக் கவிழ்த்து, சர்க்கரை தூவித் திருப்பினால், நம் ஊர்த் தேநீர்க் கடைகளில் கூட்டம் நின்று வாங்கும் பட்டர் பன் உங்கள் சமையலறையிலேயே கிடைக்கும். பிள்ளைகளுக்குக் கட்டிக்கொடுப்பதாக இருந்தால் வெண்ணெயைக் குறைத்து, நன்றாக ஆறிய பிறகு டப்பாவை மூடச் சொல்லுங்கள்.